சோழியும் கணிப்பொறியும்

ஐதராபாத் என்றவுடன் சார்மினாரும் கோல்கொண்டாவும் உசேன் சாகரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க மற்றொரு பெருமையும் இந்நகருக்கு உண்டு. அது கணக்கிடும் பெருமை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இயற்கையின் நிகழ்ச்சிகளை எண்களாக்கி, அவ்வெண்களைக் கூட்டியும் பெருக்கியும், வானத்தையும் கடலையும் அறிய முயன்றோர் பலர் இந்நகரில் வாழ்ந்திருக்கின்றனர். அவருள் தமிழரும் உளர்.

மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் ஈ.சி.ஐ.எல். சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் குடும்பங்களில், கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பயிலாத இளைஞர் இன்று அரியர். ஆயினும் அக்கலை எதன்பொருட்டுத் தோன்றியது, எத்தனை பேருடைய உழைப்பால் வளர்ந்தது என்பதை அவ்விளைஞர்க்கு எடுத்துரைப்பார் மிகுதியாக இல்லை. சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் எழுதுவதற்காக மட்டும் அக்கலை பிறந்ததன்று. பௌதிகத்தில் சூத்திரத்தால் விடை காண இயலாத வினாக்களுக்கு எண்ணால் விடை காணும் வேட்கையும் அதனைப் பெற்ற தாய்களுள் ஒன்றாகும். அவ்வரலாற்றை நம் நகரத்தை நடுவாக வைத்துச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

சூத்திரம் கைவிடும் இடம்

சூரியனை ஒரே ஒரு கோள் மட்டும் சுற்றிவருமாயின், அதன் பாதையை நியூட்டனின் விதிகொண்டு ஒரு சூத்திரத்தில் அடக்கிவிடலாம். மூன்றாவது பொருள் ஒன்று வந்து சேர்ந்தவுடன் அவ்வசதி மறைகிறது. காற்றின் ஓட்டம், கடலின் அலை, உலோகத்தில் பரவும் வெப்பம் ஆகிய எல்லாவற்றிலும் நிலைமை இதுவே. விதி தெரியும், அவ்விதி எங்கே கொண்டு விடும் என்பதை ஒரே வரியில் கூற இயலாது. அந்நிலையில் அறிஞர் கைக்கொண்ட வழி, காலத்தைச் சிறு சிறு அடிகளாகப் பகுத்து, ஒவ்வோர் அடிக்கும் கணக்கிட்டுக்கொண்டே முன்னேறுவதாகும். இதனை ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்துக் கணித மேதை 1768ஆம் ஆண்டில் தம் நூலில் தெளிவுற எழுதினார்.

நம் வீட்டுக் காப்பியைக் கொண்டே இதனை விளக்கலாம். காப்பியின் வெப்பம் 80 டிகிரி, அறையின் வெப்பம் 30 டிகிரி எனக் கொள்வோம். அறையைவிட எத்தனை டிகிரி மிகுதியோ, அதில் பத்தில் ஒரு பங்கு என்னும் வேகத்தில் நிமிடந்தோறும் காப்பி ஆறுகிறது என வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் கழித்து அதன் வெப்பம் யாது?

ஒவ்வொரு நிமிடமாகக் கணக்கிட்டுச் சென்றால், மிகுதி 50 என்பது 45, 40.5, 36.45, 32.8, 29.5 எனக் குறைந்து, காப்பி 59.5 டிகிரியில் நிற்கும். இக்கணக்குக்கு நற்பேறாகச் சூத்திரமும் உண்டு. அது தரும் உண்மை விடை 60.3. நம் விடையில் 0.8 டிகிரி பிழை. அடியைப் பாதியாக்கி அரை நிமிடமாகக் கணக்கிட்டால் 59.9 கிடைக்கும், பிழையும் ஏறத்தாழப் பாதியாகும். சோம்பல் கொண்டு ஐந்து நிமிடத்தையும் ஒரே அடியாகத் தாண்டினால் 55 டிகிரி என்னும் தவறான விடை வரும். இன்னும் துணிந்து இருபத்தைந்து நிமிடத்தை ஒரே அடியில் தாண்டுவோமாயின், விடை சுழிக்குக் கீழே 45 டிகிரி! அறையில் வைத்த காப்பி பனிக்கட்டியாகிவிட்டது என்று கணக்குக் கூறும். கையால் கணக்கிடுவோன் இதைக் கண்டு நகைப்பான். கணிப்பொறியோ சற்றும் தயங்காமல் அச்சிட்டுத் தரும்.

இக்குறையை நீக்க, செருமானிய நாட்டு ரூங்கே 1895இலும் குட்டா 1901இலும் செம்மையான முறையொன்றை வகுத்தனர். ஓர் அடியை எடுத்து வைக்குமுன் இடையிலும் முடிவிலும் நான்கு முறை வேகத்தைச் சோதித்து, அவற்றின் சராசரியைக் கொண்டு நடப்பது அம்முறை. அதன்படி ஐந்து நிமிடத்தை ஒரே அடியில் தாண்டினாலும் விடை 60.34 டிகிரி, உண்மை விடை 60.33. எண்ணியல் முறைகள் எனப்படும் கலையின் உயிர்நாடி இதுவே. விடை காண்பது பாதி; அவ்விடை உண்மையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கும் என்று அறிவது மறுபாதி.

புதுவையில் ஒரு சந்திர கிரகணம்

பெருங்கணக்கைச் சிறு படிகளாகப் பகுத்து, விதி பிறழாமல் செய்து முடிக்கும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. ஜான் வாரன் என்பார் 1825ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் நூலில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த அக்கணிதர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக அறிந்த வாய்பாட்டுச் சொற்களின் துணைகொண்டு, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஏடும் எழுத்தாணியும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் நாய்கபவர் என்னும் வரலாற்றறிஞர் 1952இல் இதனை ஆராய்ந்து, 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டுக் கட்டுரை வரைந்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே அக்கணிதர் பிழைத்தார் எனத் தெரிகிறது.

அவர் கையாண்டது வாக்கிய முறையாகும். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். ஒன்பது முறை அவ்வாறு வருதற்கு 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் சந்திரனின் நிலையை முன்னதாகவே கணித்து, எண்களை எழுத்துகளாக மாற்றி, 248 வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தனர். நாள் வேண்டும்போது உரிய வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்துக் கூட்டிக் கழித்தல் ஒன்றே எஞ்சிய வேலை. முன்னரே கணித்துச் சேமித்து வைத்த அட்டவணையும், அதனைக் கையாளும் தவறாத கட்டளை வரிசையுமாக அமைந்த இம்முறையைக் காணும் எவரும், இன்றைய கணிப்பொறி நிரலின் சாயலை அதில் காணாதிருக்க இயலாது.

எனினும் வாரன் ஒரு குறிப்பையும் சேர்த்துள்ளார். அக்கணிதருக்கு நினைவாற்றல் மிகுதி. தாம் செய்யும் கணக்கின் காரணம் மட்டும் அவருக்குத் தெரியாது என்கிறார் அவர். காரணம் அறியாமல் விதியைப் பின்பற்றினாலும் விடை வரும். ஆயின் வானம் மெல்ல மெல்ல வாக்கியத்தினின்று விலகுமாயின், அதனைத் திருத்தும் வழி அவர்க்குப் புலனாகாது. இவ்வேறுபாட்டை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மனிதரே கணிப்பொறியாய் இருந்த காலம்

மேனாட்டில் இதற்கு முன்னரே ஒரு பெரு முயற்சி நடந்திருந்தது. ஹாலியின் வால்மீன் மீண்டும் எப்பொழுது சூரியனை நெருங்கும் எனக் கணிக்க, கிளேரோ, லலாந்து, லெபோத் அம்மையார் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் காலை முதல் இரவு வரை கணக்கிட்டனர். வியாழனும் சனியும் இழுக்கும் இழுப்பால் வால்மீன் 618 நாள் தாமதமாகும் எனவும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனை அணுகும் எனவும் கண்டனர். ஒரு மாத அளவு முன்பின்னாக இருக்கலாம் என்றும் உடன் கூறினர். அது அணுகிய நாள் மார்ச் 13. விடையோடு பிழையின் எல்லையையும் சேர்த்துக் கூறிய அந்நேர்மை போற்றத்தக்கது.

இத்தகைய கணக்கு நம் நகருக்கு வந்த வரலாறு வானாய்வோடு இணைந்தது. நவாப் ஜாபர் ஜங் என்னும் பிரபு 1901ஆம் ஆண்டில் பிசல்பண்டாவில் நிறுவிய வானாய்வுக்கூடமே பின்னர் நிஜாமியா வானாய்வுக்கூடம் எனப் பெயர் பெற்றது. அவர் மறைவுக்குப் பின் 1908இல் அது நிஜாம் அரசின் பொறுப்பில் வந்து பேகம்பேட்டையில் அமைந்தது. 1919இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. வானம் முழுவதையும் ஒளிப்படமாக்கி விண்மீன்களின் இடத்தை அளக்கும் உலகப் பெருந்திட்டத்தில், வானநடுவரைக்குத் தெற்கே 17 முதல் 23 டிகிரி வரையுள்ள பகுதி ஐதராபாத்தின் பங்காக அமைந்தது. 7,60,000க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இங்கே அளக்கப்பட்டன.

கண்ணாடித் தகட்டில் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, அவ்வளவை வானத்தின் இடமாக மாற்றுதல் வேண்டும். மின்கணிப்பொறி இல்லாத அந்நாளில் இவ்வேலையைச் செய்தோர் மனிதரே. ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லே அக்காலத்தில் கணக்கிடும் பணியாளரைக் குறித்தது என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று.

அவ்வாய்வுக்கூடத்திற்கு 1918 முதல் 1944 வரை தலைவராய் விளங்கியவர் ஒரு தமிழர். தேரழுந்தூர் பஞ்சாபகேச பாஸ்கர சாஸ்திரி என்பது அவர் பெயர். இந்தியருள் அப்பதவியை முதன்முதல் ஏற்றவரும் அவரே. கம்பர் பிறந்த ஊர் எனப் போற்றப்படும் தேரழுந்தூரைத் தம் பெயரில் தாங்கிய ஒருவர், பேகம்பேட்டையில் அமர்ந்து விண்மீன்களை எண்ணி வரிசைப்படுத்தினார் என்பது இந்நகர்த் தமிழர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியன்றோ!

பொறி வந்தது

இரண்டாம் உலகப் போரின் தேவைகளே மின்கணிப்பொறியை விரைவிற் கொணர்ந்தன. அமெரிக்காவில் 1946இல் வெளிவந்த எனியாக் பொறி, பீரங்கிக் குண்டின் பாதையைப் படிப்படியாகக் கணிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. 1957இல் ஃபோர்ட்ரான் மொழி தோன்றியது. 'சூத்திரத்தை மாற்றித் தருவது' என்னும் பொருள்படும் அப்பெயரே, அது எவர்க்காகப் பிறந்தது என்பதைக் கூறும்.

நம் நாட்டில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் கட்டப்பெற்ற டிஃப்ராக் என்னும் பொறி 1960இல் பணி தொடங்கியது. ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட அப்பெரும் பொறியின் நினைவகம் 2,048 சொற்களே கொள்ளும். அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1963இல் ஐ.பி.எம். 1620 பொறி நிறுவப்பட்டபோது, அங்கே நிரல் எழுதும் கலையைக் கற்பித்தவருள் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வே. ராஜாராமன். அவர் 1969இல் எழுதிய நிரலாக்க நூலும், பின்னர் எழுதிய எண்ணியல் முறைகள் பற்றிய நூலும் நாடெங்கும் கல்லூரி மாணவர் கைகளில் தவழ்ந்தன. நாட்டில் இரண்டு தலைமுறைப் பொறியாளர் அந்நூல்களாலேயே இக்கலையைக் கற்றனர் எனின் மிகையாகாது.

நம் நகரில் 1967 ஏப்ரலில், அணுசக்தித் துறையின் கீழ் இந்திய மின்னணுக் கழகம், அதாவது நாம் அனைவரும் அறிந்த ஈ.சி.ஐ.எல்., தோன்றியது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஏ. எஸ். ராவ். டிராம்பேயில் வகுக்கப்பட்டு 1969இல் வெளிவந்த டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறியை அடுத்து, டி.டி.சி.-312, டி.டி.சி.-316 ஆகியவற்றை ஈ.சி.ஐ.எல். ஆக்கியது. 1971 முதல் 1978 வரை அது விற்ற பொறிகள் நூற்றுக்கும் சற்றுக் குறைவே. அவற்றுட் பெரும்பாலானவை அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றன. எண்ணிக்கை சிறிதாயினும், நம் நாட்டுப் பொறியில் நம் மாணவர் பௌதிகக் கணக்கைச் செய்து பார்த்த காலம் அதுவாகும்.

அந்நாளில் பயின்ற முறையைக் கூறின் இன்றைய பிள்ளைகள் வியப்பர். ஒவ்வொரு கட்டளையும் ஒரு துளையட்டை. அட்டைக்கு எண்பது கட்டம். ஃபோர்ட்ரான் விதிப்படி முதல் ஐந்து கட்டம் வரி எண்ணுக்கு. கட்டளை ஏழாம் கட்டத்தில் தொடங்கி எழுபத்திரண்டில் முடிதல் வேண்டும். அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு, விடைக்காக மறுநாள் வரை காத்திருத்தல் வழக்கம். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் மறுநாள் கிடைப்பது விடையன்று, குற்றப் பட்டியல். ஆதலின் மாணவர், கொடுக்குமுன் நிரலைக் காகிதத்தில் வரி வரியாகத் தாமே கணித்துப் பார்த்தனர். காத்திருப்பே அவர்க்கு ஆசிரியனாயிற்று. இன்று விடை நொடியில் வருகிறது, நன்று. ஆயின் தானே கணித்துப் பார்க்கும் அப்பழக்கமும் உடன் போய்விடலாகாது.

சிறு பிழை, பெருங்கேடு

காலத்தைப் பெரிய அடிகளாகப் பகுப்பதால் வரும் பிழையைக் காப்பியிற் கண்டோம். மற்றொரு பிழையும் உண்டு. பொறி எண்களை இரண்டின் அடுக்குகளாக எழுதிக்கொள்கிறது. பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னம் அவ்வெழுத்தில் முடிவின்றி நீளும். எங்கேனும் வெட்டியே ஆகவேண்டும். 1991 பிப்ரவரி 25ஆம் நாள், சவுதி அரேபியாவின் தஹ்ரானில், எதிரி ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் கருவி அதனைத் தவறவிட்டது. அக்கருவி பத்தில் ஒரு நொடியாகக் காலத்தை எண்ணி, நூறு மணி நேரம் ஓய்வின்றி இயங்கியிருந்தது. ஒவ்வோர் எண்ணிக்கையிலும் வெட்டுண்ட நுண்ணிய மிச்சம் சேர்ந்து சேர்ந்து, நொடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அதனால் 28 போர்வீரர் மாண்டனர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது பிழைக்கும் பொருந்தும்.

கடலைக் கணிக்கும் நகரம்

2004 டிசம்பர் 26ஆம் நாளைத் தமிழர் எவரும் மறவார். சுமத்திராவுக்கு அருகே நம் நேரப்படி காலை 6.29 மணியளவில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல், தமிழகத்தில் மொத்தம் எண்ணாயிரம் பேர் அளவில் மாண்டனர். அவ்விரண்டரை மணி நேரமும் வீணாயிற்று. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையமும் முதலில் அந்நடுக்கத்தை 8.0 அளவெனவே மதிப்பிட்டது. உண்மை அளவு 9.1 எனப் பின்னர்த் தெரிந்தது. அவ்விரண்டுக்கும் ஆற்றலில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 45 மடங்கு. இட்ட எண் தவறாயின், எத்துணைச் சிறந்த நிரலும் பயன் தராது.

அத்துயருக்குப் பின், நம் ஐதராபாத்தின் பிரகதி நகரில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில், 2007 அக்டோபர் 15 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. கடலே இல்லாத நகரம் கடலைக் காக்கும் விந்தை இது! அங்கே நடப்பதும் நாம் கூறிவந்த கணக்கே. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும்; 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டராகக் குறையும். வேகம் குறையக் குறைய அலை உயரும். கடலின் அடித்தளமோ மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒரு சூத்திரத்தில் அடங்காது. ஆகவே கடலைச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்களாகப் பகுத்து, நொடி நொடியாக நீரின் உயரத்தையும் ஓட்டத்தையும் கணிக்கின்றனர். ஜப்பானியர் வகுத்த டுனாமி என்னும் ஃபோர்ட்ரான் நிரலே இதற்கு அடிப்படையாக அமைந்தது.

இங்கும் காப்பியின் பாடம் வருகிறது. கட்டத்தின் அகலம் 2 கிலோமீட்டர் எனில், ஆழ்கடலில் அலை அதனைப் பத்து நொடியில் கடந்துவிடும். கணக்கின் அடி அதைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். மீறினால் எண்கள் வெறிகொண்டு பெருகிப் பொருளற்ற விடை தரும். கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் 1928ஆம் ஆண்டிலேயே, மின்கணிப்பொறி பிறக்குமுன்னரே, இவ்விதியைக் கண்டனர்.

நிலம் நடுங்கிய பின் இக்கணக்கை முழுவதும் செய்துகொண்டிருக்க நேரம் இராது. ஆகவே நடுக்கம் தோன்றக்கூடிய பகுதிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் எழும் அலையை முன்னதாகவே கணித்துச் சேமித்து வைத்துள்ளனர். நடுக்கம் நிகழ்ந்த சில நிமிடத்தில், பொருந்தும் கணக்குகளை எடுத்து, அளவுக்கேற்பப் பெருக்கிக் கூட்டுகின்றனர். ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானிகள் தரும் செய்தியால் அவ்விடையைச் சரிபார்க்கின்றனர். முன்னரே கணித்து வைத்து, வேண்டும்போது எடுத்துக் கூட்டுதல் என்னும் இது, புதுவைக் கணிதரின் சோழியையும் வாக்கியத்தையும் நமக்கு நினைவூட்டவில்லையா? வேறுபாடு ஒன்றே. இவர்கள் காரணத்தையும் அறிவர்; கடல் தம் கணக்கினின்று விலகினால் திருத்தவும் அறிவர். நாகையிலும் கடலூரிலும் வாழும் நம் உறவினரின் உயிர் அத்திருத்தத்தில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

நம் பிள்ளைகள் நிரல் எழுதுதலை வேலைவாய்ப்புக்காகப் பயில்வதில் குற்றமில்லை. அதனோடு ஒரு சிறு பௌதிகக் கணக்கையேனும் தாமே நிரலாக்கிப் பார்த்தல் நன்று. காப்பி ஆறுவது, ஊசல் ஆடுவது, எறிந்த பந்து காற்றைக் கிழித்துச் செல்வது எனக் கணக்குகள் எங்கும் உள. முதலில் கையால் நான்கு அடி கணித்தல். பின் நிரல் எழுதுதல். பின் அடியைப் பாதியாக்கி விடை எவ்வளவு மாறுகிறது எனக் காணுதல். சூத்திரம் உள்ள கணக்கில் ஒப்பிட்டுத் தேறிய பின்னரே சூத்திரமற்ற கணக்குக்குச் செல்லுதல் என்பதே முறை. இதற்கு விலையுயர்ந்த பொறி வேண்டுவதில்லை. நம் சங்கத்தின் கோடை வகுப்புகளில் தமிழும் திருக்குறளும் கற்பிப்பதோடு, இதற்கும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கலாம். அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இதனையே தொழிலாகக் கொண்டு ஓய்வு பெற்ற பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் முன்வருதல் வேண்டும்.

கணிதம் அறியாப் பெற்றோரும் இதில் பங்கு கொள்ளலாம். பிள்ளை திரையில் ஒரு விடையைக் காட்டும்போது இரண்டு வினாக்கள் கேட்டால் போதும்: "இது எப்படி வந்தது? இதில் எவ்வளவு பிழை இருக்கலாம்?" இவ்விரண்டுக்கும் விடை கூறக் கற்ற பிள்ளை, சோழியைக் கொண்டு கணித்தாலும் கணிப்பொறியைக் கொண்டு கணித்தாலும், உண்மையை விட்டு நெடுந்தொலைவு விலகிப் போகாது.